அம்மப்பாவின் தச்சுப் பெட்டி

கேள்வி:

ஐயா, என் அம்மப்பா தச்சுவேலை செய்தவர். அவர் காலமாகி 6 வருடமாகிறது. அவருடைய பெட்டி தாழ்வாரத்தில் கிடக்கிறது. உளி ஏழு, மரத்தில் செய்த சீவுளி இரண்டு, இரும்புச் சீவுளி ஒன்று, கைவாள் இரண்டு, ஒரு துறப்பணம், ஒரு வாய்ச்சி. எல்லாவற்றிலும் துரு. உளிப்பிடிகளில் மூன்று புள்ளி குத்தியிருக்கிறது. பழைய இரும்பு வாங்க வருகிறவர் கிலோக் கணக்கில் கேட்கிறார். அம்மா கொடுக்கச் சொல்கிறா. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார், "உனக்கு என்ன மெசின் வேணும், எழுதி அனுப்பு" என்கிறார். வளவில் விழுந்த வேம்பைப் பலகையாக அரிந்து வைத்திருக்கிறோம். அதில் நானே இருப்பதற்கு ஒரு வாங்கு செய்து பார்க்க ஆசை. பெட்டியை வைத்திருப்பதா, விற்பதா? அண்ணாவிடம் எதைக் கேட்பது? இன்னொன்றும் கேட்கவேண்டும். அம்மப்பா அந்தப் பெட்டியை எங்களில் ஒருவரையும் தொடவிட்டதில்லை. ஆயுதங்கள் மேல் அப்படி என்ன பற்று?

வாசகி, சண்டிலிப்பாய்

பதில்:

பிள்ளை, அடுத்தமுறை பழைய இரும்புக்காரர் வந்தால் உடைந்த தகரம் ஏதும் கிடந்தால் கொடுத்தனுப்புங்கள். பெட்டியைக் கொடுக்கவேண்டாம். நான் 41 வருடமாகத் தச்சுத் தொழிலில் இருக்கிறேன். அதில் பாதிக்காலம் பெடியங்களுக்குப் படிப்பித்தேன், இப்போது இணுவிலில் ஒரு சின்னப் பட்டறை. இப்படிக் கிலோக் கணக்கில் போன பெட்டிகளை நிறையக் கண்டிருக்கிறேன். இரண்டு வருடம் கழித்து அதே வீட்டார் வந்து, "ஐயா, நல்ல உளி எங்கே வாங்கலாம்?" என்று கேட்பார்கள். அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம்.

முதலில் உளிகளை வெளியில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பிடிக்குக் கிட்ட, கழுத்துப் பகுதியில் எழுத்து ஏதும் பொறித்திருக்கும். இங்கிலாந்தின் செபீல்ட் நகரத்தில் அடித்த உளிகள் வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைக்கு நிறைய வந்தன. 'மார்ப்பிள்ஸ்' என்றோ வேறு பெயரோ, 'செபீல்ட்' என்ற சொல்லோ தெரிந்தால் அது அந்த வழி வந்தது. பிறகு மரச்சீவுளியின் ஆப்பைத் தட்டிக் கழற்றி, அலகை எடுத்து, சாய்வாகத் தீட்டிய முகத்தைத் துடைத்துப் பாருங்கள். ஒரே முகத்தில் இரண்டு நிறம் தெரிந்தால், மங்கலான ஒரு பட்டையும் அதன் நுனியில் பளிச்சென்ற மெல்லிய கோடும் தெரிந்தால், கொஞ்சநேரம் அதைக் கையில் வைத்திருங்கள். மெல்லிரும்பின் மேல் கடினமான உருக்குத் தகட்டை உலையில் காய்ச்சி ஒட்டவைத்த அலகு அது. வெட்டுகிற விளிம்புக்கு மட்டும் கடினம், தாங்குகிற உடம்புக்கு மென்மை. அப்படிச் செய்ததால் தீட்டவும் சுகம், அதிர்ச்சியில் உடைவதும் குறைவு. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் மலிவான அலகுகள் பெரும்பாலும் இப்படி இல்லை.

மூன்று புள்ளி உங்கள் அம்மப்பாவின் குறி. கோயில் வேலைக்கோ, பெரிய வீட்டு வேலைக்கோ ஆறேழு பேர் ஒரே கொட்டிலில் நின்று வேலை செய்யும்போது எல்லாருடைய உளியும் ஒரே பலகையில் கிடக்கும். பின்னேரம் அவரவர் உளியைப் பிரித்தெடுக்கத்தான் அந்தக் குறி. ஒருவர் புள்ளி குத்துவார், ஒருவர் சூட்டுக்கம்பியால் பெருக்கல் குறி போடுவார். என்னுடையது பிடியைச் சுற்றி ஒரு வெட்டு.

தொடவிடாததைப் பற்றிக் கேட்டீர்கள். அதை நீங்கள் பற்று என்கிறீர்கள், சரிதான். ஆனால் அதற்குக் கீழே வெறும் தொழில் காரணம் ஒன்று இருக்கிறது. வீட்டில் உளி ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் கிடந்தால் பெயின்ற் ரின் திறக்க எடுப்பார்கள், ஆணி கிளப்ப எடுப்பார்கள். ஆணியின் தலையில் ஒருதரம் பட்டால் விளிம்பில் ஒரு பல் விழும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் அடுத்தநாள் அந்த உளி செதுக்கிய இடமெல்லாம் ஒரு கீறல் கூடவே வரும். அதை எடுக்க அரை மணித்தியாலம் கல்லில் நிற்கவேண்டும், உளியின் ஆயுளிலும் கொஞ்சம் போகும். ஏழு உளிக்கும் அவர் எத்தனை ஆயிரம் தரம் கல்லில் நின்றிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

மற்றக் காரணத்தை என் கதையில்தான் சொல்லமுடியும். 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்தில், வலிகாமம் முழுக்க எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனது. உங்கள் வீட்டிலும் அந்தக் கதை இருக்கும். என் சைக்கிள் கரியரில் அம்மாவின் உடுப்பு மூட்டை. முன்னால் பாரில், சாக்கில் சுற்றியபடி மூன்று உளியும் சீவுளி அலகும். அலகை மட்டும்தான் எடுத்தேன். சீவுளியின் மரக்கட்டை பாரம் என்று பட்டறைத் தட்டில் விட்டுவிட்டு வந்தேன். சாவகச்சேரியில் இருந்த அந்த மாதங்களில் ஒரு பலகையிலிருந்து கட்டை ஒன்று செதுக்கி அந்த அலகைப் பூட்டி, வந்த இடத்து ஆட்களுக்குக் கதவு பொருத்திக் கொடுத்து அரிசி வாங்கினேன். 1996இல் திரும்பி வந்தபோது பட்டறையில் தட்டும் இல்லை, கட்டையும் இல்லை, கதவு நிலையும் இல்லை. பிறகு முதிரையில் நல்ல கட்டை ஒன்று செய்தேன். அலகு அதேதான். இன்றைக்கும் அதே அலகால்தான் கடைசிச் சீவல் எடுக்கிறேன். அதை இன்னொருவர் கையில் பார்க்கும்போது என் நெஞ்சு ஒருதரம் நிற்கும். உங்கள் அம்மப்பாவுக்கும் ஏதோ ஒன்று இருந்திருக்கும், அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

எல்லா ஆயுதத்திலும் எனக்குப் பிடித்தது சீவுளிதான். காரணம் அது பதில் சொல்லும். நார் ஓடுகிற பக்கம் தள்ளினால் 'சர்' என்று ஒரே இழுப்பாகப் போகும், வாயிலிருந்து சீவல் சுருண்டு எழும்பும், பலகை கண்ணாடி மாதிரி இருக்கும். எதிர்ப்பக்கம் தள்ளினால் கரகரக்கும், மரம் பிய்யும். அலகு மழுங்கினால் கைக்கு முன்னமே தோளுக்குத் தெரியும். அலகு ஒரு மயிரளவு கூட வெளியே நின்றால் உடனே இடறும். பலகையைப் பார்க்காமலே, அதன் மேல் ஒரு தள்ளு தள்ளியவுடன் எந்தப் பக்கத்தில் இருந்து சீவவேண்டும் என்று கை சொல்லிவிடும். மெசினில் அந்தப் பேச்சு இல்லை. அதன் இரைச்சலுக்குள் மரத்தின் சத்தம் கேட்காது.

துறப்பணம் கயிறு சுற்றி வில்லால் இழுத்துத் துளைபோடுகிற பழைய ஆயுதம். அதை வைத்திருங்கள், அதால் வேலை செய்யவேண்டிய தேவை உங்களுக்கு வராது. வாய்ச்சியைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லவேண்டும். நின்றபடி இரண்டு காலுக்கு நடுவில் மரத்தைப் போட்டு, தன்னை நோக்கிக் கொத்திக் கொத்தி உருண்டை மரத்தைத் தட்டையாக்குகிற ஆயுதம் அது. பனங்குற்றியைப் பிளந்து சிலாகை எடுத்த காலத்தில் எங்கள் கூரைகளையெல்லாம் உருவாக்கியது கோடரியும் ஆப்பும் வாய்ச்சியும்தான். வல்வெட்டித்துறைக் கப்பல்காரர் கையில் இருந்ததும் இதுதான். அவர்கள் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்கி, பெயரை மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைக் கடல் வழியே அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1938இல் அது அங்கே போய் நின்றது. ஆனால் பிள்ளை, வாய்ச்சியை நீங்கள் தனியாக எடுத்துக் கொத்தவேண்டாம். கணுக்காலுக்கு நேராக வருகிற கூர் அது. பழகினவர் பக்கத்தில் நின்று காட்டினால் மட்டும்.

இனித் தொடங்கவேண்டிய வேலை. ஏழு உளியையும் ஒரேயடியாகப் பிடிக்கவேண்டாம். முக்கால் அங்குலமோ ஒரு அங்குலமோ உள்ள உளி ஒன்றை எடுங்கள். மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவிட்டு, இரும்புப் பஞ்சால் தேயுங்கள். துரு போனபின் குழி குழியாக இருக்கும், பயப்படவேண்டாம். உளியின் பின்பக்கம், அதாவது தட்டையான பக்கம், நுனியிலிருந்து ஒரு அங்குலத்துக்காவது குழி இல்லாமல் இருந்தால் போதும். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் வோட்டர் பேப்பர் என்ற தேய்க்கும் தாளைத் தண்ணீரில் நனைத்து ஒட்டவைத்து, கரகரப்பு எண் முதலில் 220, பிறகு 400, 800, கடைசியில் 1200 என்று போய் அந்தப் பின்பக்கத்தை மட்டமாக்குங்கள். ஆட்கள் இதைத்தான் செய்யாமல் விடுகிறார்கள். சாய்ந்த முகத்தை மட்டும் தீட்டித் தீட்டி, ஏன் கூர் வரவில்லை என்று கேட்பார்கள். கூர் என்பது இரண்டு முகம் சந்திக்கிற கோடு, ஒரு முகம் குழியாக இருந்தால் கோடும் குழியாகத்தான் இருக்கும்.

சாய்வு முகம் 25 பாகையில் இருக்கவேண்டும், அதன் நுனியில் ஒரு நூல் அகலத்துக்கு 30 பாகையில் இன்னொரு சின்னச் சாய்வு. மரக்கட்டை ஒன்றில் அந்தச் சரிவை வெட்டி வைத்துக்கொண்டால் கை பழகும்வரை துணையாக இருக்கும். தீட்டும்போது பின்பக்கத்தில் விரலை வெளிநோக்கி இழுத்துப் பார்த்தால் மெல்லிய பிசிர் ஒன்று தட்டுப்படும். அது விளிம்பு முழுக்க வந்தால்தான் அந்த முகம் முடிந்தது. பிறகு பின்பக்கத்தை ஒருதரம் கல்லில் தட்டையாக இழுத்துப் பிசிரை எடுத்துவிடுங்கள். விறகுத் துண்டின் நார் முடிகிற பக்கத்தில் வைத்து, கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) இல்லாமல் கையாலேயே தள்ளிப் பாருங்கள். மெல்லியதாக ஒரு சீவல் உருண்டு வந்தால், உங்கள் கேள்விக்கு நான் எழுதியதைவிட நல்ல பதில் அதுதான்.

அவசரத்தில் கிரைண்டரில் பிடித்துவிடாதீர்கள். நுனி நீலமாக மாறிய கணத்தில் அந்த உருக்கின் பதம் போய்விட்டது. அதன்பிறகு எவ்வளவு தீட்டினாலும் மூன்று அடிக்கு மேல் கூர் நிற்காது. நீலம் பட்ட பகுதி முழுவதையும் தேய்த்து எடுத்தால்தான் மீளும். எண்ணெய்க்கு எங்கள் வீடுகளில் தேங்காயெண்ணெயை எடுப்பார்கள், அது நாள்பட்டால் காறல் எடுக்கும். தையல் மெசின் எண்ணெய் ஒரு போத்தல் வாங்கி வையுங்கள். நம்முடைய உப்புக் காற்றுக்கு மாதம் ஒருமுறை துணியால் பூசினால் போதும்.

மெசினைப் பற்றி எழுதும்போது நான் மெசினுக்கு எதிரான கைவேலைக்காரன் என்று நினைத்துவிடவேண்டாம். கரண்ட் இல்லாத வருடங்களை நான் வாழ்ந்தவன். 1990இல் குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது. அதன்பிறகு வருடக்கணக்காக ஒவ்வொரு துளையையும் கையால் சுழற்றியே போட்டோம். முதிரையில் ஒரு கதவுக்கு மூன்று பிணைச்சல், ஒவ்வொன்றுக்கும் ஆறு திருகாணி, எல்லாம் திருப்புளியால். வேலை முடிந்து சோற்றைப் பிசையும்போது மணிக்கட்டு நடுங்கும். முதன்முதலாக ஒரு மின்சார ட்ரில்லைக் கையில் வாங்கி முதிரையில் வைத்து விசையை அழுத்தியபோது எனக்குக் கண் கலங்கியது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த ட்ரில்லின் வடிவத்துக்கு ஒரு கதை இருக்கிறது. அதற்கு முந்தைய மின்சாரத் துளைகருவிகள் இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கவேண்டிய பாரமான உருளைகள். அமெரிக்காவின் பால்ரிமோர் நகரத்தில் பிளாக், டெக்கர் என்ற இரண்டு பேர் கைத்துப்பாக்கியின் பிடியையும் விசையையும் பார்த்து அதே மாதிரி ட்ரில்லுக்கும் பிடி வைத்தார்கள். 1917இல் அவர்களுக்குக் காப்புரிமை கிடைத்தது. ஒரு கையால் பிடித்து, ஒரு விரலால் ஓட்டி, மற்றக் கையால் பலகையைப் பிடிக்கலாம் என்றானது அன்றுதான். உலகம் முழுக்க ஆட்கள் ட்ரில்லை விரும்புகிற காரணம் அந்தப் பிடிக்குள்ளேயே இருக்கிறது. சீவுளி மேல் எனக்கு இருப்பது ஆசை, ட்ரில் மேல் இருப்பது நன்றி.

ஆனாலும் 2022 மார்ச் கடைசியில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் பக்கத்துப் பட்டறைகள் பூட்டிக்கிடக்க என் பெடியங்கள் கைவாளோடு வேலை செய்தார்கள். இரண்டும் வேண்டும் என்பது எனக்கு அப்படித்தான் உறுதியானது.

அண்ணாவுக்கு எழுதவேண்டியதற்கு வருகிறேன். செருகி ஓட்டும் மெசின் எதுவும் கனடாவிலிருந்து கொண்டுவரவேண்டாம் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. சுவரில் செருகிய நிமிடமே மோட்டார் கருகும். மின்னழுத்தத்தைக் குறைக்கிற ட்ரான்ஸ்ஃபோமர் வைத்து ஓட்டலாம், ஆனால் வட்டவாள் மாதிரி ஒன்றுக்குத் தேவையான அளவில் அது பத்துப் பன்னிரண்டு கிலோ கூட வரும். ட்ரில்லை இங்கேயே வாங்குங்கள். சாதாரணமாகவும் சுத்தியல் அடியோடும் ஓடுகிற வகையாகப் பாருங்கள். உங்கள் வீடு பழைய சுண்ணாம்புக்கல் சுவர் என்றால் வாங்கு செய்து முடிந்தபிறகும் அதற்கு வேலை இருக்கும்.

பற்றரியில் ஓடுகிற மெசின் கொண்டுவரத்தான் போகிறேன் என்று அவர் நின்றால், சார்ஜரின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் 100–240 வோல்ட் என்று இருந்தால் நல்லது. 120 மட்டும் இருந்தால் மெசினையும் பற்றரியையும் வாங்கி, சார்ஜரை இங்கே தேடவேண்டும். வாங்கும் முன்னமே அந்தப் பிராண்டின் 230 வோல்ட் சார்ஜர் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தனிப் பற்றரிகளை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுவரவேண்டும், பெட்டியில் போட விடமாட்டார்கள். 100 வாட்-மணிக்கு உட்பட்டால் தனி அனுமதி தேவையில்லை. 18 வோல்ட்டை 5 அம்பியர்-மணியால் பெருக்கினால் 90, ஆகவே அந்த அளவு சரி. சில பெட்டிகளில் '20 வோல்ட்' என்று பெரிதாக எழுதியிருக்கும். உள்ளே அதே ஐந்து கலங்கள்தான், முழுதாக ஏற்றிய கணத்து அளவை எழுதியிருக்கிறார்கள். கூடுதல் பலம் என்று நம்பிக் கூடுதல் காசு கொடுக்கவேண்டாம்.

கனடாக்காரர் உயிராக நேசிக்கிற ஆயுதம் ஒன்று உண்டு, அண்ணாவிடம் கேட்டால் அவருக்கும் தெரிந்திருக்கும். சதுரத் தலைத் திருப்புளி. ரொபேர்ட்சன் என்பவர் 1908இல் கண்டுபிடித்து, ஒன்ராறியோவின் மில்ரன் ஊரில் செய்து விற்றது. கோடு வெட்டிய திருகாணியில் திருப்புளி வழுக்கித் தன் கையைக் கிழித்துக்கொண்டதுதான் அவரை அந்த வழிக்குத் தள்ளியது. சதுரக் குழிக்குள் சதுர நுனி இறுகி நிற்கும், திருகாணியை நுனியில் குத்தி ஒற்றைக் கையால் மரத்தில் ஏற்றலாம். மிக நல்ல பொருள். ஆனால் நம்முடைய ஹாட்வெயார் கடைகளில் அந்தத் தலைத் திருகாணி தேடித்தான் பிடிக்கவேண்டும். கொண்டுவந்தால் திருகாணிப் பெட்டியும் சேர்த்துக் கொண்டுவரட்டும்.

என் பட்டியல் சின்னது. இரண்டு பக்கமும் வேறுவேறு கரகரப்புள்ள வைரத் தீட்டுத்தட்டு ஒன்று, கட்டாயம். நம்பிக்கையான மூலைமட்டம் ஒன்று. யப்பான் இழுவாள் ஒன்று. நம் வாள் தள்ளும்போது வெட்டும், அது இழுக்கும்போது வெட்டும். அதனால் அலகு மெல்லியது, பலம் குறைவாக இருந்தாலும் நேராகப் போகும், தொடங்குகிற கைக்கு அதுதான் சுகம். அதன் பல்லைப் பெரும்பாலும் அரத்தால் திருப்பித் தீட்டமுடியாது, ஆகவே மாற்று அலகு ஒன்றும் வேண்டும். கண்ணைக் காக்கும் கண்ணாடி, காதுமூடி, நல்ல தூசி முகமூடி. நூறு துண்டு உள்ள பிளாஸ்ரிக் பெட்டி வேண்டவே வேண்டாம், அதில் எண்பதை நீங்கள் ஒருநாளும் எடுக்கமாட்டீர்கள்.

அங்கிள் கிரைண்டரை ஏன் எழுதவில்லை என்று கேட்பார். இங்கே அதற்கு மரம் வெட்டும் பல்லுத் தட்டைப் பூட்டி, காப்பு மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்கிற பழக்கம் பரவிவிட்டது. நிமிடத்துக்கு 11,000 சுற்றுச் சுற்றுகிற ஒன்றில் அந்தப் பல் மரத்தில் சிக்கினால் மெசின் முகத்துக்குத் திரும்பும், கையால் தடுக்க நேரம் இராது. என்னிடம் படித்த ஒரு பெடியன் இப்படித்தான் இரண்டு விரலை இழந்தான். அவனுக்கு அப்போது 19 வயது. நான் பக்கத்து அறையில் இருந்தேன். இரும்பு வெட்டவும் தேய்க்கவும் அது அருமையான மெசின். ஆனால் மூடி இருக்கவேண்டும், தட்டில் எழுதியிருக்கும் சுற்று எண்ணிக்கை மெசினுடையதைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும், மரம் அதன் பக்கமே போகக்கூடாது. உங்களுக்கு இந்த வாங்குக்கு அது தேவையே இல்லை.

வாங்குக்குப் பலகை ஒன்றரை அங்குலத் தடிப்பு இருந்தால் நல்லது, உயரம் 17 அங்குலம். கால்களைத் துளையும் கழுந்துமாக, அதாவது காலின் மெலித்த நுனி பலகையின் துளைக்குள் இறங்கும்படி, பொருத்துங்கள். துளையின் பெரும்பகுதியை ட்ரில்லால் எடுத்துவிட்டு, ஓரங்களை அம்மப்பாவின் உளியால் சரிசெய்யலாம். வேம்பின் நார் அடுக்குக்கு அடுக்கு எதிரெதிராக ஓடும், சீவும்போது எந்தப் பக்கம் போனாலும் எங்கேயோ ஒரு இடம் பிய்யும். அலகை மிகக் கூராக வைத்து, மெல்லிய சீவலாக, கொஞ்சம் குறுக்குச் சாய்வாகத் தள்ளுங்கள்.

மரம் எப்போது அரிந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு அங்குலத் தடிப்புக்கு ஏறக்குறைய ஒரு வருடம் காயவேண்டும். இப்போது அரிந்தது என்றால் இந்த வருடத்தை உளி தீட்டவும் வாள் பழகவும் வைத்துக்கொள்ளுங்கள், பழகுவதற்கு வேறு துண்டுகள் கிடைக்கும். பலகைகளை நிலத்தில் படுக்கப் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கல் அடுக்கி, தரையிலிருந்து ஒரு அடியாவது உயர்த்தி, ஒவ்வொரு பலகைக்கும் இடையில் ஒரே அளவான சட்டத்துண்டுகளை நேருக்கு நேராக வைத்து அடுக்குங்கள். பலகைகளின் அந்தங்களில் மிஞ்சின பெயின்ற் ஏதும் பூசினால் வெடிப்பு குறையும். ஐப்பசி மழைக்கு முன் மேலே தகரம் போட்டுவிடுங்கள். பக்கங்களை மூடவேண்டாம், காற்று போகவேண்டும்.